கிள்ளான் பாதையில் ஒரு பொய்

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக மதராஸுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். கிள்ளான் பாதையில் பயணிகள் ரயில் ஓட்டும் உரிமையைக் கவர்மெண்ட் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறதென்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. கம்பெனி வந்தால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்றார்கள். நான் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி.

பாதையைப் பார்வையிட அந்தக் கம்பெனியின் துரை ஒருவர் வந்தார். அவருக்கு மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். தள்ளுவண்டியில் அவரும் நானும் உட்கார, இரண்டு கூலிகள் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் வண்டியை நிறுத்தி, அங்கே ஆள் தேவையா என்று விசாரித்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டி ஒரு கேட். கேட்காரரைக் காணவில்லை. அவர் மனைவி கேட்டைப் பிடித்தபடி நின்றாள். புருஷன் எங்கே என்று துரை கேட்கச் சொன்னார்.

"அவருக்குப் பத்து நாளா காய்ச்சல்ங்க ஐயா. எழுந்திரிக்க முடியல. நான்தான் கேட்டைப் பாத்துக்கிறேன். துரைகிட்ட சொல்லிடாதீங்க, எங்களக் கப்பல் ஏத்திருவாங்க" என்றாள்.

நான் துரையிடம் இங்கிலீஷில், "தண்டவாளத்தைப் பார்த்துவர நடந்து போயிருக்கிறாராம். சீக்கிரம் வந்துவிடுவாராம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து குடிசைக்குள் இருமல் கேட்டது. துரை குடிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஏதோ நீளமாக எழுதிவிட்டு, வண்டியைத் தள்ளச் சொன்னார்.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியதும், வண்டி தள்ளிய கூலியிடம் துரை திரும்பி, "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்றார்.

சுத்தமான தமிழ். மதராஸ் பக்கம் பல வருஷம் ரயில்வேயில் இருந்தவராம். அந்தக் கூலிதான் பிறகு சொன்னான். அப்படியென்றால் அவள் சொன்னதும், நான் மாற்றிச் சொன்னதும் அவருக்குத் தெரியும். என்னைச் சோதிக்கவே மொழிபெயர்க்க விட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் பியூன் என் மேஜைப் பக்கம் நடந்தாலே அவன் கையில் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பொய் சொன்ன கிராணிக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் நிறைமாதக்காரியை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? மனைவி கேட்டபோதெல்லாம் பித்தம் என்று சமாளித்தேன்.

ஆறாவது வாரம் எங்கள் ஆபீஸ் பெரிய துரை கூப்பிட்டார். மேஜையில் கம்பெனியின் கடிதம் விரித்துக் கிடந்தது.

"கம்பெனி இந்தப் பாதையை எடுக்கவில்லை. இந்த நிலைமையில் லாபம் வராதாம். நீ உன் பழைய வேலையைப் பார்" என்றார்.

அவ்வளவுதான். அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காரர் எழுந்து வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று ரயில் கார்டு ஒருவர் சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அந்தப் பொம்பளைய நெனச்சீங்க, சரி. அப்போ என்னைய நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேட்டில் நின்றபோது அவள் நினைவு எனக்கு வரவேயில்லை. அதை அவளிடம் சொல்லப் பயந்து, சட்டையைக் கழற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.