லிஃப்டில் என் படம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதில் நாலாவது மாடி துடைக்கிற வேலை எனக்கு. வீடு பாடியில். மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய், படுத்த படுக்கையாக இருக்கும் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பி வருவேன். கிட்டத்தில் இருப்பதால்தான் இந்த வேலை.

கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். முன்னால் இருப்பது கண்ணாடி போட்டது. பின்னால் இருப்பது சாமான் ஏற்றுவது. நாங்கள் பின்னால்தான். அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

போன மழையில் பின் லிஃப்டின் குழியில் தண்ணீர் நின்றது. லிஃப்டும் நின்றுபோனது. தண்ணீர் வடிந்தது, லிஃப்ட் ஓடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற ஆரம்பித்தேன். முட்டி வீங்கியது.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நொண்டினு கீற? முடியலைன்னா சொல்லு. வேலப்பன்சாவடி காலேஜ்ல ஆள் கேக்குறாங்க. மாடியே கிடையாது, எல்லாம் தரையோட."

அங்கே போனால் மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது. முடிகிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் எல்லோரும் சமம் என்று கொண்டாடினார்கள். ஒரு மாசம் முழுக்க. எச்.ஆரில் இருக்கும் பெண் என்னைத் தேடி வந்தது. நல்ல பெண். மதுரைப் பக்கம். முகப்பேரில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கிறது.

"அக்கா, உங்கள ஒரு போட்டோ எடுக்கணும். நாளைக்கு நல்ல சேலையா கட்டிட்டு வாங்க."

கட்டிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு யோசித்தது.

"யூனிஃபாரமே போட்டுக்கங்கக்கா. சேலையில நீங்க யாருன்னே தெரியல."

மாற்றிக்கொண்டு வந்தேன். சிரிக்கச் சொன்னது. நின்றால் முட்டி வலித்தது. சிரித்தேன்.

ஹாலில் கூட்டம் நடந்தது. எல்லோரும் வரவேண்டும் என்றார்கள். நாங்களும் போனோம். டீ கப்பை எடுக்க வேண்டும் என்பதால் எங்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் நன்றாகப் பேசினார். இங்கே மேலே கீழே என்று எதுவும் கிடையாது என்றார். நான் நாலு மாடி ஏறி வந்து கேட்டேன்.

மறுநாள் முன் லிஃப்டுக்குள் என் படத்தை ஒட்டினார்கள். ஆள் உயரம். கீழே 'இங்கே எல்லோரும் ஒன்று' என்று எழுத்து. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன்.

படத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று போனேன். செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். அயப்பாக்கத்து ஆள். நிலமெல்லாம் பிளாட்டான பிறகு இந்த வேலைக்கு வந்தவர்.

"யக்கா, இத்தாண்ட வராத. மேனேஜர் பாத்தா என் வேலை பூடும்."

"உள்ள இருக்கறது யாரு?"

"நீதான்."

"அது போலாம், நான் போகக்கூடாதா?"

"அது வாளி தூக்கினு போவுதா? சும்மா மேலயும் கீழயும் போய்னு வந்துனு கீது. நீ படியப் பாத்து ஏறு."

ஏறினேன். அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

முட்டி மோசமாகிக்கொண்டே வந்தது. இந்த மாசத்தோடு வேலப்பன்சாவடிதான் என்று சூப்பர்வைசர் முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் யாரோ என் படத்துக்கு மீசை வரைந்துவிட்டார்கள். முறுக்கு மீசை. எச்.ஆர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்கள அவமானப்படுத்திட்டாங்கக்கா."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீசை சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் போய் சூப்பர்வைசரைச் சத்தம் போட்டது. தினம் காலையில் முதல் வேலையாக அந்தப் படத்தைத் துடைக்க வேண்டும் என்று அவர் எனக்கு உத்தரவு போட்டார். வாளியோடு லிஃப்டுக்குள் போனேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே யாரோ பட்டனை அழுத்த, கதவு மூடிக்கொண்டது. திறந்தபோது நாலாவது மாடி. இறங்கிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

மறுநாளும் போனேன். செக்யூரிட்டி பார்த்தார்.

"கையில துணி கீதா?"

"இருக்கு."

"அப்ப ஏறு. ஆளா ஏறினாத்தான் தப்பு."

மேலே போவதற்குக் கையில் துணி. இறங்குவதற்கும் துணி. மத்தியானம் வீட்டுக்குப் போகும்போதும் துணிதான். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. படியிலேயே ஆளைக் காணோமே என்று சூப்பர்வைசர் கேட்டார். படத்தில் அழுக்கு அதிகம் என்றேன். நான் நொண்டாமல் நடப்பதைப் பார்த்து, வேலப்பன்சாவடிக்கு வேறு ஆள் அனுப்பினார்.

மாசம் முடிந்தது. எல்லோரும் சமம் என்பதும் முடிந்தது. படத்தைக் கிழித்து எடுத்தார்கள். பாதி உரிந்து வந்தது. மீதிக் காகிதமும் பசையும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. அதைச் சுத்தமாக எடுத்துவிடச் சொன்னார் சூப்பர்வைசர். கெட்டிப் பசை, நாளாகும் என்றேன்.

பின் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

தினம் தேய்க்கிறேன். நேற்று செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் போவலியாக்கா?"

"போகல."

"நல்ல பசைக்கா," என்று சொல்லிவிட்டு, நாலாவது மாடி பட்டனை அவரே அழுத்தினார்.