அனிருத்தின் கிட்டாருக்கு ஓர் இடம்

பாட்டுப் பதிவு செய்யும் பின்னறையைத் துடைக்கும்போது ஜொவிட்டா நாற்காலியைத் தூக்கி வெளியே வைப்பாள். தரை காய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து, தரையில் ஒட்டியிருக்கும் நீல டேப் துண்டுகளின் மேல் கால்கள் சரியாக உட்காரும்படி வைப்பாள். அந்த டேப்பை ஒட்டியதே அவள்தான். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் நாற்காலி ஒரே தூரத்தில் இருந்தால்தான் சத்தம் சரியாகத் தெரியும் என்று தம்பி ஜெஃப்ரி சொன்ன அன்றே, தையலுக்கு வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து அளந்துவிட்டாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் தொங்கவிட்ட பழைய மெத்தைகளுக்கு உறை தைத்ததும் அவள்தான்.

அவள் பிளஸ் டூவோடு நின்றவள். ராயப்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துத் தம்பியை சவுண்ட் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். சாந்தோம் மாதா கோயிலில் யார் விசாரித்தாலும், அவரவர் தனித்தனியாக வாசித்துக் கொடுப்பதை ஒரே பாட்டாகச் சேர்க்கிற வேலை என்று நிறுத்தி நிதானமாக விளக்குவாள். கேட்டவருக்குப் புரியாவிட்டால் இன்னொரு தடவையும் சொல்லுவாள்.

கிண்டிப் பக்கம் மழையில் பைக் சறுக்கி அனிருத் இறந்து போனான். ஜெஃப்ரியோடு பள்ளியில் படித்தவன். அவர்கள் இசைக்குழுவில், பாட்டின் நடுவே தனித்து எழும் லீட் கிட்டார் அவனுடையது. ஜெஃப்ரி மயிலாப்பூர் மயானத்திலும் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. கைகால் கழுவிவிட்டு, வைத்த சாதத்தைச் சாப்பிட்டான். ஜொவிட்டாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வேலைக்குப் போனாள், டோக்கன் கொடுத்தாள், வந்தாள்.

பாதியில் நின்ற பாட்டு ஒன்று இருந்தது. அனிருத் தன் பங்கை வாசித்து முடித்துவிட்டுத்தான் போயிருந்தான். அவன் அம்மா நீரஜா மாமி ஒரு நாள் மாலை மாட வீதியிலிருந்து ஆட்டோவில் வந்து, அதைக் கேட்க வேண்டும் என்றாள். மூட்டுவலி அவளுக்கு. கதவோரக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜெஃப்ரி பாட்டை ஓடவிட்டான். சுவர் அதிர்ந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு முடியும்வரை கேட்டாள்.

"இதுல அனி எங்கேடா இருக்கான்?" என்றாள்.

ஜெஃப்ரி ஸ்பீக்கரை அணைத்தான். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

மாமியை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்த ஜொவிட்டா, அவள் ஓரத்தில் உட்கார்ந்ததால்தான் கேட்கவில்லையோ, நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாமோ என்றாள்.

"எங்க உக்காந்தாலும் கேக்கணும்கா," என்றான் ஜெஃப்ரி.

அதன் பிறகு வேலையிலிருந்து வரும்போதெல்லாம் பின்னறையில் அனிருத்தின் கிட்டார் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதைத் தனியாக வைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தான் ஜெஃப்ரி. அடித்தொனியில் கனம் கூட்டினான், எதிரொலி சேர்த்தான். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு மற்றதைத் திறந்துவிடுவான். அந்த நிமிடமே அது மூழ்கிப் போகும். லீடின் சத்தத்தை ஏற்றுவான். ஏற்றினால் பாட்டு இளைத்துப் போகிறதென்று தாளத்துக்குத் தான் வாசித்திருந்த ரிதம் கிட்டாரையும் ஏற்றுவான். கடைசியில் எல்லாம் சேர்ந்து இரைச்சலாகும். திரும்பவும் மற்றதை அணைத்துவிட்டு அனிருத்தை மட்டும் கேட்பான். அது வேலைக்காகக் கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனதில் ஒன்றும் அசையவில்லை. காபியை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜொவிட்டா வீட்டுக்கு வந்தபோது, பேஸ் கிட்டார் வாசிக்கும் இனாயத் கட்டிலில் சாய்ந்திருந்தான். பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இன்னா மச்சி இது? ஒரே ரிதத்த நாலு தபா வாசிச்சு, லெஃப்ட்ல ரெண்டு, ரைட்ல ரெண்டுன்னு போட்டு வெச்சிகீற. பஸ்ஸு ஃபுல்லா நீயே உக்காந்துகினா அவன் எங்கடா உக்காருவான்?"

ஜெஃப்ரி திரும்பிப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று ஜொவிட்டா நினைத்தாள். அவன் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான்.

லீட் வருகிற இடத்தில் தன் நாலு வாசிப்பில் இரண்டை எடுத்துவிட்டான். மிச்ச இரண்டையும் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தள்ளி, லீடின் குரல் எந்த ஸ்தாயியில் இருக்கிறதோ அந்த ஸ்தாயியில் மட்டும் அவற்றைக் குறைத்தான். பிறகு அனிருத்தின் கிட்டாரைத் தனியாக வைத்து, இத்தனை நாள் சேர்த்த கனத்தையெல்லாம் கழித்தான். அது மெலிந்து, தகரம் மாதிரி ஆனது.

வாசலில் நின்றிருந்த ஜொவிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. முன்பு இருந்ததே நன்றாக இருந்தது, ஏன் கெடுக்கிறாய் என்றாள்.

"தனியா கேட்டா நல்லா இருக்காதுக்கா," என்றான். "தனியா இனிமே யாரும் கேக்கப் போறதில்ல."

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தான். இரண்டு பக்கமும் சுவராக நின்ற சத்தத்துக்கு நடுவில் அனிருத் நின்றான். இனாயத் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

மாமி மறுபடி வந்தபோது ஜொவிட்டா நாற்காலியை நீட்டினாள். மாமி வேண்டாமென்று அதே கட்டிலில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. லீட் தொடங்கியதும் மாமியின் விரல் தொடையில் ஒருமுறை தட்டி, அப்படியே நின்றது. முடிந்ததும் அவள் ஜெஃப்ரி பக்கம் திரும்பினாள்.

"அவன்தான்," என்றாள். பிறகு, "ஏண்டா, இப்போ நீ எங்க இருக்கே?"

"ரெண்டு ஓரத்துலயும் இருக்கேன் மாமி."

இன்னொரு தடவை போடச் சொன்னாள் மாமி. ஜெஃப்ரி போட்டான். அவன் முகத்தில் எதுவும் இல்லை; கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. ஜொவிட்டா காபி கலக்கச் சமையலறைக்குப் போனாள். இரண்டு கதவு தாண்டி, அடுப்புச் சத்தத்துக்கு மேலேயும் அனிருத் வாசிப்பது அங்கே தெளிவாகக் கேட்டது. பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.