எங்கள் படத்தின் கொலைகாரன்

ஒரு பழைய மர்மப் படம், கறுப்பு வெள்ளை. ஜமீன்தார் செத்துக் கிடப்பார். மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர் வீடு முழுக்கக் காலடித் தடங்களை அளந்துகொண்டே இருப்பார். கடைசியில் கொலைகாரன் தம்பிதான் என்று தெரியும். உத்திரமேரூரில் கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பன், இதையே இந்தக் காலத்துக்கு மாற்றி யூடியூபில் குறும்படமாகப் போடலாம் என்றான்.

"இப்ப ஜமீன்தாருக்கு எங்கடா போறது?" என்று கேட்டேன். கேட்டதுமே எனக்குப் பதில் தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் செத்துக் கிடப்பது ஏரிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்தான். ஆளாளுக்கு ஓரடி, இரண்டடி அதற்குள் தள்ளிக் கட்டியே அதைத் தீர்த்துவிட்டார்கள்.

மூன்றே நாளில் எழுதி முடித்தேன். பிணத்தின் இடத்தில் கால்வாய். கட்சிக்காரர்கள் அதற்கு இரங்கல் பேனர் வைப்பார்கள், பேனர் கம்பத்தையும் கால்வாயிலேயே நடுவார்கள். எழுதும்போதே தனியாகச் சிரித்தேன். கொலைகாரன் வீடாக எதைக் காட்டுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கால்வாய்க் கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். ஒரு வேப்பமரத் தகராறில் ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. உள்நோக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நண்பன் போய்க் கேட்டதும், "தாராளமா எடுத்துக்கப்பா" என்று அண்ணன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அது கொலைகாரன் வீடு என்று நாங்கள் சொல்லவில்லை.

துப்பறிவாளராக நடிக்க ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைப் பிடித்தோம். அவருக்கு ஒரே நிபந்தனை. "பொய் அளவு சொல்ல மாட்டேன். அளக்குற சங்கிலி இன்னா காட்டுதோ அதான் டயலாக்."

சரி என்றேன். அண்ணன் மதில் கால்வாய்க்குள்தான் நிற்கிறது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசிக் காட்சியன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மழைக்கோட்டுக்குள் வியர்த்து வழிந்தபடி சர்வேயர் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை விரித்தார், எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்தார், சங்கிலியை இழுத்தார். அண்ணனுடைய மதிலருகே நின்று, "இது கரெக்டா கீது" என்றார் சர்வேயர். சங்கிலி அப்படியே என் வீட்டுப் பக்கம் வந்தது.

"இந்த மதில் கால்வாய்க்குள்ள நாலடி வந்துகினு கீது. கொலைகாரன் வூடு இதான்!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஊர் விசிலடித்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு மேஸ்திரி கட்டிய கயிற்றை நம்பி, அளந்து பார்க்காமல் நான் எழுப்பிய மதில் அது. அவமானத்தில் காது சுட்டது. "வேணும்னா முடிவ மாத்திக்கலாம்" என்று நண்பன் காதோடு சொன்னான். மாற்றலாம்தான். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரைக் கேலி செய்வது? உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். என் மனைவி, "துணிக்கொடிய அவுத்துட்டு இடிங்க" என்றாள்.

குத்தினால் மதில் அசையவே இல்லை. கலவை அவ்வளவு தரம்.

"நடுவுல குத்தாதடா, மூலையில ஆரம்பி!"

மொட்டைமாடியிலிருந்து அண்ணன். ஆறு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு அவரும் ஒரு கடப்பாரையோடு இறங்கி வந்தார். ஒரே ஷாட்டில் எடுத்தோம். இன்னொரு டேக் போக மதில் ஏது?

கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ணா, கொலைகாரன் வூடுன்னு மொதல்ல ஒங்க வூட்டத்தான் எழுதியிருந்தேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கால்வாய்ப் படம்னதுமே தெரியும்டா. நான் அளந்துட்டுத்தான் கட்டுனேன். நீ அளக்காம கட்டுறதையும் மாடியில நின்னு பாத்துகினுதான் இருந்தேன். பேச்சில்லாதப்ப எப்டிச் சொல்றது? அதான், அளக்க வர்றவங்க ஒன் மதிலுக்கும் வருவாங்கன்னு, கேட்டதும் வூட்டக் குடுத்தேன்."

பிறகு உரித்த கடலையில் பாதியை என் கையில் வைத்தார்.