பஸ்ஸில் சிலுவை போட்ட கை

இன்று நாசரேத் பஸ்ஸில் என் கை என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ரோட்டோரத்தில் மாதா சுரூபம் வைத்த கெபியைக் கடந்ததும், நெற்றி, நெஞ்சு, தோள் என்று அதுபாட்டுக்குச் சிலுவை போட்டுக்கொண்டது. புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்டதில் வந்த பழக்கம். நான் பிறந்த புராட்டஸ்டன்ட் சபையில் யாரும் சிலுவை போடுவதில்லை.

"கத்தோலிக்க வீட்டுக்குப் போனாலும் நம்ம சபைய விடமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டியவள் நான்.

பக்கத்து சீட்டில் எங்கள் ஊர்ப் போதகரின் மனைவி, ஐயரம்மா. சிறு வயதில் எனக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவர். பார்த்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

ஊர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "ஏளா, ஸ்டாப்புக்கு முன்னால இன்னொரு கெபி வருது. கையக் கட்டிக்கோ. ஒங்கம்மா அங்கனதான் நிப்பா."

கட்டிக்கொண்டேன். கெபி கடந்தது. கக்கத்துக்குள் விரல்கள் துடித்தன. ஸ்டாப்பில் இறங்கியதும் அம்மா சிரித்தபடி பையை வாங்கிக்கொண்டாள்.

இனி ராத்திரி குடும்ப ஜெபம் இருக்கிறது. அம்மா எனக்கு எதிரில்தான் உட்காருவாள். "ஆமென்" சொன்னதும் இந்தக் கை சும்மா இருக்காது. அதை எங்கே வைப்பது என்று அனுபவப்பட்டவர்கள் ஜெபத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.