இசப்கோலும் ஒரு மடக்குத் தேநீரும்

செல்லாத்தாள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் பின்சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். துணியில் பிசிறு வெட்டும் பெண்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனாலேயே வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். முப்பது வயது ஆவதற்குள் செல்லாத்தாளுக்கு மலச்சிக்கல் முற்றி, போகும்போதெல்லாம் ரத்தம் வந்தது. பல்லடம் ரோட்டு நாட்டு மருந்துக் கடைக்காரர் இசப்கோல் விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீல ஊறப்போட்டு, கொழகொழன்னு ஆனதும் குடிங்க அம்மணி. மேல இன்னொரு டம்ளர் தண்ணி குடிக்கோணும். வறட்டா மட்டும் முழுங்கிப்போடாதீங்க."

மருந்து கேட்டது. விடியுமுன் காட்டுப் பக்கம் போய்விட்டு நிம்மதியாக வேலைக்கு வந்தாள். "கல்லாட்டம் இருந்த வயிறு இப்பத்தானுங்க்கா லேசாயிருக்குது" என்று பக்கத்தில் உட்காரும் பூவாத்தாளிடம் சொன்னாள்.

தீபாவளி சமயம் சரக்கு நெருக்கியது. இருட்டோடு கம்பெனிக்கு வர வேண்டியிருந்ததால் காட்டுப் பக்கம் போக நேரமில்லை. ஒருநாள் வேலைக்கு நடுவில் வயிறு முடுக்க, வெளியே போய்வரக் கேட்டாள். மேஸ்திரி அத்தனை ஆண்கள் முன்னாலும் கத்தினார். அவள் தலையைக் குனிந்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து விதையை ஊறவைப்பதை விட்டாள். தண்ணீர் சேர்ந்தால்தானே தொந்தரவு என்று நினைத்து, மதியம் ஒரு பிடியை வாயில் போட்டு ஒரு மடக்குத் தேநீரில் விழுங்கினாள்.

வயிறு உப்பியது. எதைத் தின்றாலும் வாந்தி. புருஷன் குமாரசாமியும் பூவாத்தாளும் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைத் திறந்தபோது விதை குடலுக்குள் ஊதி, இறுகி அடைத்திருந்தது. அந்த இடம் அழுகியிருந்தது.

"இதுக்கு நிறையத் தண்ணி குடிக்கணும்னு யாரும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னாங்க" என்றாள் பூவாத்தாள். "குடிச்சா எங்கீங்க போறது?"



செல்லாத்தாள் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றார் நர்ஸ். குமாரசாமி ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மறுநாள் மதியம் அவள் உயிர் பிரிந்தது.

காரியம் முடிந்ததும் பூவாத்தாள் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் உட்கார்ந்தாள். "நாங்க ஒதுங்கறதுக்கு ஒரு மறப்புக் கட்டாம உள்ள வரமாட்டோமுங்க" என்று முதலாளியிடம் சொன்னாள். சரக்கு தேங்கிவிடுமே என்று அவர் சாயங்காலத்துக்குள் நாலு ஓலைத் தட்டி நட்டுக் கொடுத்தார்.

செல்லாத்தாளின் இடத்துக்கு மடத்துக்குளத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.