ஹைட்ரஜன் வண்டியைப் பற்றி நான் சொல்லாதது

என் தங்கச்சி மாப்பிள்ளை இன்று வளைகுடாவில் கார் ஓட்டுவதற்கு நான்தான் காரணம். அவர் போக ஆசைப்பட்டவர் இல்லை. தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய டீசல் காரைப் போட்டுக்கொண்டு, குற்றாலத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிவிட்டு, மதியச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடுகிற மனிதர். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பிள்ளை நடக்கப் பழகுவதைப் போனில் பார்க்கிறார்கள். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று கல்யாணம் பேசும்போதே சொன்னவர். என் வாய்தான் அவரை விமானம் ஏற்றியது.

நான் அங்கே ஒரு கம்பெனி முதலாளிக்குப் பத்து வருஷத்துக்கு மேல் டிரைவராக இருந்தேன். கடைசியில் அந்தக் கம்பெனி ஒரு ஹைட்ரஜன் கார் வாங்கியது. ஜீப் மாதிரி உயரம், ஓட்டத்தில் கார். கிராஸ்ஓவர் என்பார்கள். டேங்கில் இருக்கிற ஹைட்ரஜன் வாயுவிலிருந்து வண்டியே கரண்ட் உண்டாக்கிக்கொண்டு ஓடும். புகை கிடையாது. பின்னால் தண்ணீர்தான் சொட்டும். சத்தமே இல்லை. வாயு நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். ஒரு தடவை நிரப்பினால் தென்காசியிலிருந்து கிட்டத்தட்ட சென்னை வரை ஓடிவிடும். இதெல்லாம் உண்மை. இதை எல்லாரிடமும் சொன்னேன். வண்டியின் பின்குழாய்க்கு அடியில் கண்ணாடி டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் சொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். தெரு முழுக்கப் பார்த்தது.

சொல்லாததும் இருக்கிறது. அந்த ஊர் முழுவதற்கும் ஹைட்ரஜன் பங்க் ஒன்றே ஒன்று. முன்னால் இரண்டு வண்டி நிரப்பிவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும், அது ஏறுகிறவரை காத்துக் கிடக்கவேண்டும். நிரப்பி முடித்த பிறகு குழாயின் மூக்கு பனி பிடித்து வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் கொளுத்துகிற ஊரில், பனி இளகட்டும் என்று எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். முதலாளி போனில் திட்டுவான். டிக்கியில் பாதி இடத்தை டேங்க் அடைத்துக்கொள்ளும். விமான நிலையத்துக்குப் போனால், ஏறுகிறவர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருநாள் பங்க் மெஷின் கெட்டது. வாரக்கணக்காகச் சரியாகவில்லை. வண்டியைக் கொட்டகையில் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எனக்கு ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்பைக் கொடுத்தார்கள். நான் பெருநாள் லீவில் ஊருக்கு வந்தபோது அந்த வண்டி இரண்டு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

குற்றாலத்தில் ஒரு விடுதிக்காரர் அப்போது தங்கச்சி மாப்பிள்ளையிடம் பேசியிருந்தார். புகையும் சத்தமும் இல்லாத எலக்ட்ரிக் வண்டி ஒன்று எடுத்தால், சாரல் சீசனிலிருந்து விடுதி விருந்தாளிகளை ஏற்றுகிற வேலை முழுவதும் அவருக்கு. அவரும் ஷோரூமில் பெயர் எழுதி வைத்திருந்தார். அவருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஐந்தருவிக்கு என்ன பெரிய தூரம்? ராத்திரி வீட்டு வாசலில் சார்ஜ் போட்டால் மறுநாள் முழுக்க ஓட்டலாம்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. காரோ, ஃபிரிட்ஜோ, தண்ணீர் மோட்டாரோ எது வாங்கினாலும், லீவில் வந்திருப்பவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பத்து வருஷமாகக் கதவைத் திறந்துவிட்டு, வசவு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, ஷோரூம்காரப் பையன்கள் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது.

சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். சொன்னார்கள். சிரித்தேன். எங்கள் வண்டிக்கு ஐந்து நிமிஷம் என்றேன். இந்த பேட்டரியெல்லாம் போகிற காலம் என்றேன். பிறகு மாப்பிள்ளையைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்து, “மாப்ள, இன்னும் ரெண்டு வருசம் பொறுங்க. ஹைட்ரஜன் வண்டி இங்கன வந்துரும். இப்ப இத வாங்குனா ஏமாளி ஆயிருவீய” என்றேன்.

அவர் திரும்பி, கண்ணாடிக்கு உள்ளே நின்ற, தான் பெயர் எழுதி வைத்த வெள்ளை வண்டியைப் பார்த்தார். “நீங்க ஓட்டிப் பாத்தவுக. நீங்க சொன்னா சரி மச்சான்” என்றார். அன்றே பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஸ்டேஷன் கார் ஸ்டாண்டிலும் போய் இதே பெருமையைப் பேசினேன். சென்னை வரைக்கும் ஒரே மூச்சில் போகலாம் என்றதும், அங்கே மூத்த டிரைவரான அண்ணாச்சி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “போயிருவ, சரி. திரும்பி வரதுக்கு அந்த வாயுவ எங்க போயி புடிப்பலே?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சரியான கேள்வி. படிக்காத மனுஷன் ஒரே வரியில் கேட்டுவிட்டார். நான் என்ன செய்தேன்? அண்ணாச்சிக்கு டீசல் நாற்றம் இல்லாமல் தூக்கம் வராது என்று கிண்டல் பண்ணி மடக்கிவிட்டேன். மாப்பிள்ளையும் என் பக்கம் நின்று சிரித்தார்.

லீவு முடிந்து நான் திரும்பிப் போனேன். சீசன் வந்தது. விடுதி வேலை பக்கத்து ஊர் இலஞ்சிக்காரர் ஒருவருக்குப் போனது. அவர் எலக்ட்ரிக் வண்டி எடுத்திருந்தார். மாப்பிள்ளையின் டீசல் கார் ஐந்தருவி ஏற்றத்தில் புகையைக் கக்கிக்கொண்டு போக, பக்கத்தில் அந்த வண்டி சத்தமில்லாமல் ஏறிப் போகுமாம். போனில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஹைட்ரஜன் எப்போது வரும் என்று கேட்பார். வந்துவிடும் மாப்ள என்பேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஷோரூமில் நான் உளறியது வெளியே வந்துவிடுமே.

மறு சீசனுக்குள் சவாரி பாதியாகக் குறைந்தது. தங்கச்சிக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. ஒருநாள் போனில் அவர் ஹைட்ரஜனைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் கம்பெனியில் ஏதாவது விசா கிடைக்குமா என்று கேட்டார். என் முட்டி போய்விட்டது, நான் ஊர் திரும்புவதாக இருந்தேன். என் இடத்துக்கே அவரை ஏற்பாடு பண்ணினேன். இப்போது அங்கே அவர் என் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் அவருடைய டீசல் காரை ஸ்டேஷன் வாசலில் போட்டிருக்கிறேன். தெருவில் எல்லாரும், தங்கச்சி மாப்பிள்ளைக்கு நல்ல வழி காட்டினான் என்று என்னைப் புகழ்ந்தார்கள். செருப்பால் அடித்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

போன ஆடியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. ரயிலுக்கு நேரம் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வந்த தங்கச்சி காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். மாப்பிள்ளை அனுப்பியிருந்த போட்டோ. கொட்டகை, தார்ப்பாய், காற்றிறங்கிய டயர்.

“இந்த வண்டிதானா?” என்றாள்.

“ஆமா.”

“நீ பெருநாளுக்கு வந்து அவர்ட்ட இந்த வண்டியப் பத்திச் சொன்னியே, அப்பவே இப்படித்தான் கெடந்துச்சா?”

வேறு ஏதாவது சொல்ல முடியுமா என்று அந்த நேரத்திலும் என் புத்தி தேடியது. அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆமாம் என்றேன்.

பிள்ளையின் தலையில் விழுந்திருந்த தூறலை முந்தானையால் துடைத்தாள். “அவரு, நீ வேலைய விட்டு வந்த பொறவுதான் வண்டி கெட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. மச்சான் ஓட்டுன வரைக்கும் நல்லா ஓடிருக்குன்னு எங்கிட்ட சொல்லுதாரு. நீயே போன் போட்டுச் சொல்லு” என்றாள்.

அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன். எடுத்ததும் கிளட்ச் எப்படி இருக்கிறது, சீசனில் கூட்டம் உண்டா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைப் பங்க், ஒட்டிக்கொள்கிற குழாய், தார்ப்பாய், இரண்டு மாதம்.

“எங்கிட்ட மட்டுமாவது தனியாச் சொல்லிருக்கலாம்லா மச்சான்” என்றார் அவர். “நா யார்ட்ட போயி சொல்லப் போறேன்?”

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். அவருக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. தங்கச்சி போனை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மழையாக இருக்கிறது, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.