மீன் எண்ணெய் பூசிய அவரைப் பந்தல்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டதற்குச் சரியாக ஓராண்டு முந்திய மார்கழி அது. அந்த வருஷம் மார்கழியும் எங்கள் இஸ்லாமிய மாதமான ஷஃபானும் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகப் பிறந்தன. ஆகவே மாதத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு ஒன்பது வயது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிழமை போட்டு எதையாவது எழுதி வைக்கும் பெண்ணாக அப்போதே ஆகியிருந்தேன்.

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றை ஒட்டி, உம்மா ஓர் அவரைப் பந்தல் போட்டிருந்தார். பூவும் பிஞ்சுமாக நின்ற கொடியில் அசுவினி விழுந்தது. கொழுந்து, காம்பு, இலையடி எங்கும் எள்ளை அப்பியது போலக் கறுப்புப் பூச்சி. அதோடு நின்றிருந்தால் வாப்பா கண்டுகொண்டிருக்க மாட்டார். பூச்சியிலிருந்து பிசுபிசுவென்று ஒரு நீர் சொட்டியது. பந்தலுக்கு அடியில்தான் துணி உலர்த்தும் கயிறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் ஒட்டுப் புள்ளி, அதைத் தேடி வந்த எறும்பு.

“பராத்துக்குள்ள இந்தப் பூச்சி போகணும். இல்லேன்னா பந்தலைப் பிரிச்சு எறிஞ்சிருவேன்” என்றார்.

ஷஃபான் பதினைந்தாம் இரவான பராஅத்துக்கு முன் வீட்டைக் கழுவி வெள்ளையடிப்பது வழக்கம். அதற்குப் பத்து நாள் இருந்தது. வாப்பா சொன்னால் சொன்னதுதான். அன்று சோறு வடிக்கும்போது உம்மா கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

முதலில் சாம்பல். எல்லா வீட்டிலும் அதுதான் மருந்து. விடியற்காலை, இலையில் பனி ஈரம் காயுமுன் உம்மா சலித்துத் தூவினார். மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது. பூச்சி சுகமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் செடியைக் காப்பாற்றும் சாம்பல் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் சுட வேண்டும்? அடுப்படிக்குப் போய் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அந்த மாதம் எங்கள் அடுப்பில் எரிந்தது, வாப்பா உடைத்துப் போட்ட பழைய வள்ளத்தின் பலகை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கடல்நீர் குடித்த மரம்.

இதைச் சொன்னதும், விருந்துக்கு வந்திருந்த மாமா, உம்மாவின் தம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அவரைக்கொடியை நின்ன வாக்குலயே ஊறுகா போட்டுட்டியே, லாத்தா!”

“சிரிக்காம ஒரு வழியச் சொல்லுடா. நாளு போவுது.”

மாமா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு துரை வீட்டு ரோஜாச் செடிக்குத் தோட்டக்காரன் பூச்சிமருந்து அடித்ததைப் பார்த்திருக்கிறாராம். முதலில் குடம் குடமாகக் கிணற்று நீர் விட்டு உப்புச் சாம்பலைக் கழுவச் சொன்னார். பிறகு சலவைச் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்தார். வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயில் கால் சிரட்டை அதில் விட்டு, உம்மாவின் மோர் மத்தால் கடைந்தார். பால் போல வெளுத்தது. அதை ஒரு குடம் தண்ணீரில் கலந்து, ஒரே ஒரு கொழுந்தில் தெளித்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தோம். கொழுந்து வாடவில்லை. மறுநாள் வெயில் தாழ்ந்தபின் தென்னை நார்க் கற்றையைத் தோய்த்து, இலைகளின் அடிப்பக்கமாகப் பார்த்துப் பந்தல் முழுக்க அடித்தார்.

“பூச்சி அங்கனதான் குடியிருக்கு, மருமவளே. மேல அடிச்சா அதுக்குக் குடை பிடிச்ச மாதிரி” என்றார்.

அசுவினி சாகும் முன் பூனைகள் வந்தன. நான் எண்ணியவரை பதினொன்று. பந்தலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன. ஒன்று பந்தல்கால் வழியாக ஏறி, மீனைக் காணாமல், கோபமாக இறங்கிப் போனது. உம்மா விளக்குமாறும் கையுமாக இரண்டு நாள் காவல் நின்றார்.

மூன்றாம் நாள் பூச்சிகள் சருகாகி உதிர்ந்தன. எறும்பு வரிசை கலைந்தது. மறுநாள் இன்னொரு தடவை அடித்தார்கள். பராஅத்துக்கு முதல் நாள் காலை வாப்பா தம் வெள்ளைச் சட்டையைத் தாமே பந்தலடியில் தொங்கவிட்டார். மாலைத் தொழுகையான அஸர் வரை தொங்கியது. உம்மா அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை. வாப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அதையே மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“வள்ளத்துக்கு எண்ணெ பூசிட்டு நேரா தொழ வந்துட்டியளான்னு கேக்குறான் ஒருத்தன், மாப்புளே” என்று மாமாவைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி உம்மாவிடம் கொடுத்தார். “நான் பூச்சியைத்தான் சொன்னேன். நாத்தத்தைச் சொல்லல. பந்தல் இருக்கட்டும். கயித்தை அங்கிட்டு மாத்திக் கட்டுங்க.”

தை பிறந்ததும் கூடை கூடையாகக் காய்த்தது. நன்றாகக் கழுவி, உம்மா தெருவுக்கே கொடுத்தனுப்பினார். தாம் ஒரு காய் தொடவில்லை, வாய்வு என்றார். பகல் சமையல் முடிந்ததும் பந்தலடிக்குப் போய்த் துவைகல்லில் உட்காருவார். முக்காட்டை இறக்கி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருப்பார். அந்த வருஷம்தான் பின்வீட்டுக்காரர்கள் மாடி எழுப்பியிருந்தார்கள். அதன் மூன்று ஜன்னல்கள் எங்கள் கொல்லையைப் பார்த்தபடி இருந்தன. பந்தலடியிலிருந்து அண்ணாந்தால் அவரை இலைதான் தெரியும், அவற்றில் ஒன்றும் தெரியாது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாடியில் ஜன்னல் வைத்தது ஒரு பக்கத்தில், உம்மா பந்தலுக்குக் கால் நட்டது அடுத்த பக்கத்தில், இரண்டுக்கும் நடுவே நான்கே நாள். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘உம்மாவுக்கு அவரைக்காய் பிடிக்காது. பிறகு எதற்கு இவ்வளவு பாடு? விசாரிக்க வேண்டும்.’

பதிலுக்கென்று கீழே இரண்டு வரி விட்டிருக்கிறேன்.